லைட்டு, முழுப்பேரு

இரத்தினபுரி ஆஸ்பத்திரியில் டொக்டர் நோனா எழுதிக் கொடுத்த துண்டில் ஒரே வரிதான் இருந்தது: மூன்று மாதத்துக்கு லைட் வேலை மட்டும். ஆங்கிலத்தில் எழுதியதைச் சிங்களத்தில் சொல்லியும் விட்டார். "பர உஸ்ஸன்ன எபா." பாரம் தூக்கக் கூடாது. மழையில் வடிகால் கானுக்குள் வழுக்கி விழுந்து, காறை எலும்பு வெடித்து, ஆறு வாரம் கையைக் கழுத்தில் கட்டித் தொங்கவிட்டிருந்த அந்தோனியம்மாவுக்கு அதை இரண்டாம் தரம் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

திங்கட்கிழமை காலைப் பெரட்டில் துண்டை நீட்டினாள். ஆட்களைப் பிரித்து மலைக்கு அனுப்பிக்கொண்டிருந்த ஃபீல்ட் ஒஃபிசர் சுதாகரன் அதைப் படித்துவிட்டு மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

"லைட் வேலைன்னு இருக்கு. சரி. உன்னைய கவ்வாத்து வெட்டச் சொன்னேனா? உர மூட்டை தூக்கச் சொன்னேனா? தோட்டத்திலயே லைட் வேலை கொழுந்து எடுக்கிறதுதான். போ, ஏழாம் நம்பர் மலைக்கு."

"பிள்ளைக் காம்பராவுல பிள்ளைங்களப் பாத்துக்க ஆள் வேணும்னாங்களே ஐயா."

"அதுக்கு ஆள் போட்டாச்சு."

"பதினெட்டுக் கிலோவ முதுகுல கட்டிக்கிட்டு ஏழாம் நம்பர்ல ஒரு தடவ ஏறிப் பாருங்க ஐயா, அப்புறம் சொல்லுங்க லைட்டான்னு" என்றாள் பின்னால் நின்ற வெள்ளையம்மா. வரிசை சிரித்தது. சுதாகரன் சிரிக்கவில்லை.

அந்தோனியம்மா மலைக்குப் போனாள். வலது கை தோளுக்கு மேல் எழவில்லை. எட்டிய கிளைகளில் மட்டும் கிள்ளினாள். சாக்கை இடுப்பில் கட்டி, மூன்று கிலோ சேரும் முன்பே இறக்கி வைத்தாள். மாலையில் மடுவம் என்ற நிறுவைக் கொட்டகையின் தராசில் அன்றைய கொழுந்து மொத்தம் ஏழு கிலோ காட்டியது.

"லைட்டு! அரைப்பேரு!" என்று கூவினார் சுதாகரன்.

ஒரு நாளுக்குரிய பதினெட்டுக் கிலோவைத் தொடாத எந்தச் சாக்கைப் பார்த்தாலும் அவர் வாயில் வருவது அந்தச் சொல்தான். தோட்டத்துக்குப் பழகிப்போன கூவல். அடுத்த நொடியே செக்ரோலில் ஆளின் பெயருக்கு எதிரே பாதி நாள் விழும். பாதி நாளென்றால் பாதிச் சம்பளம். இருபத்து மூன்று வருடத்தில் அந்தோனியம்மாவின் பெயர் அந்தப் புத்தகத்தில் அரையாக விழுந்ததில்லை. இந்த வாரம் செவ்வாயும் விழுந்தது, புதனும் விழுந்தது.

"மாசம் முழுக்க இப்படின்னா பேர வெட்டி கெஷுவலுக்குப் போட்டுருவேன்" என்றார் சுதாகரன் புதன்கிழமை. கோபமாகக்கூடச் சொல்லவில்லை, மழை வரும்போல என்று சொல்வதைப் போலச் சொன்னார். கெஷுவல் என்றால் கூப்பிடுகிற அன்றைக்கு மட்டும் வேலை. நிரந்தரத் தொழிலாளி என்ற பெயர் போய்விடும்.

வியாழக்கிழமையும் அரைப்பேர் வாங்கிக்கொண்டு அவள் சந்தியிலுள்ள மஷூரின் கடைக்கு எண்ணெய் வாங்கப் போனாள். மஷூருக்குப் பலசரக்கு தொழில், இரத்தினக் கல் வியாபாரம் கிறுக்கு. கண்ணாடி அலுமாரியில் மிளகாய்த்தூள் பக்கற்றுகளுக்குப் பக்கத்தில் எப்போதும் ஒரு வெள்ளைக் கடதாசி மடிப்பு இருக்கும்.

"நானா, லைட்டுன்னா என்னா?"

"இதோ எரியுதே மேல" என்றார் அவர். பிறகு அவள் முகத்தைப் பார்த்து, கடதாசியை விரித்தார். வெளிறிய நீலத்தில் ஒரு கல். "இது லைட் ப்ளூ. இன்னம் கொஞ்சம் கறுத்திருந்தா நான் ஏன் இங்க பருப்பு நிறுக்கிறேன்?"

உள்ளே பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்த அவர் மகள் பர்ஸானா, நிவித்திகலவில் ஆங்கில டீச்சர், எழுந்து வந்து துண்டை வாங்கிப் படித்தாள்.

"இது ஒரு சொல்லுக்குள்ள பத்துச் சொல் அக்கா. லைட் கலர், லைட் மழை, லைட் சாப்பாடு. சத்தம் கேட்டா உடனே முழிக்கிறாங்களே, அவங்கட நித்திரையும் லைட்தான். பாரமில்லாததும் லைட்தான்."

"எல்லாத்துக்கும் ஒரே எழுத்தா?"

"ஒரே எழுத்துதான். பக்கத்தில எந்தச் சொல் நிக்கிது எண்டு பார்த்துத்தான் விளங்கணும்."

"வாப்பாட மண்டையும் லைட்தான் எண்டு சொல்லிரு" என்றார் மஷூர். "அந்தோனியம்மா, பிளேன்டீ குடிங்க. சீனி லைட்டா போடவா, நெறயப் போடவா?"

அவள் கல்லாவுக்குப் பக்கத்திலிருந்த பருப்புத் தராசைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு வாய்விட்டுச் சிரித்தாள். தோள் வலித்தது, ஆனாலும் நிறுத்தவில்லை.

"நெறயவே போடுங்க நானா."

வெள்ளிக்கிழமை மாலை மடுவத்துக்குத் தோட்டத்தை நடத்தும் தொரை வந்திருந்தார். சிங்களவர், வந்து ஒரு வருடம். எரிச்சலோடு கொழுந்தைக் கிளறி, முற்றின இலை பொறுக்கிக் காட்டிக்கொண்டிருந்தார். அந்தோனியம்மாவின் முறை வந்தது. ஏழு கிலோ இருநூறு.

"லைட்டு! அரைப்பேரு!"

அவள் நகரவில்லை. துண்டை எடுத்துத் தொரையிடம் நீட்டினாள்.

"டொக்டர் நோனா என்னா எழுதியிருக்காங்க தொரை?"

அவர் படித்தார். "லைட் வேலை. மூன்று மாசம்."

"இப்ப என் சாக்கப் பாத்து ஐயா என்னா சொன்னாரு?"

தொரை சுதாகரனைப் பார்த்தார். பதில் வரிசையிலிருந்து வந்தது. நாற்பது பெண்கள் ஒரே குரலில்: "லைட்டு!"

"டொக்டர் லைட்டாச் செய்யச் சொன்னாங்க. நான் லைட்டாக் கொண்டாந்திருக்கேன். லைட்டேதான்னு அஞ்சு நாளா ஐயாவே நிறுத்துப் பாத்துச் சொல்றாரு. சொன்ன வேலையச் சொன்னபடி செஞ்சவளுக்கு ஏன் தொரை அரைப்பேரு?"

"சேர், அது வேற லைட், இது வேற லைட்" என்றார் சுதாகரன்.

"எப்பிடி வேற?"

"அது வேலை லைட். இது... நிறை லைட்."

"பர உஸ்ஸன்ன எபா கியலா கிவ்வா மஹத்தயா" என்றாள் அந்தோனியம்மா, டொக்டர் சொன்னதை அப்படியே தொரையின் மொழியில். பிறகு சுதாகரன் பக்கம் திரும்பித் தமிழில்: "பாரம் தூக்கக் கூடாதுன்னாங்க ஐயா. பாரம்னா நிறைதானே? நீங்க ஏழாம் நம்பருக்கு அனுப்புனீங்க, போனேன். நான் வேலையில்லைன்னு நிக்கலையே."

தொரை துண்டை இன்னொரு தரம் படித்தார்.

"சுதாகரன், இந்த அம்மா பதினெட்டுக் கிலோ தூக்கியிருந்தா, அது லைட் வேலையா?"

"இல்ல சேர்."

"தூக்கி, திரும்ப எலும்பு வெடிச்சா யாரு பதில் சொல்றது? நீங்களா, நானா?"

சுதாகரன் தராசைத் துடைக்கத் தொடங்கினார்.

"முழுப்பேர் போடுங்க" என்றார் தொரை. "திங்கள்ல இருந்து."

செக்ரோல் எழுதும் கணக்கப்பிள்ளை பேனையைத் திறந்தார். அவர் அடித்து எழுதுவதை அந்தோனியம்மா பக்கத்தில் நின்று பார்த்தாள்: திங்கள், செவ்வாய், புதன், வியாழன். வெள்ளியைப் புதிதாக எழுதினார். ஐந்தும் முழுசு. வெள்ளையம்மா வாயில் விரலை வைத்து ஒரு விசில் அடித்தாள். தொரை திரும்பிப் பார்த்தபோது அவள் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சனிக்கிழமை மாலையில் யாரும் வழக்கம்போலச் சாக்கை இறக்கிவிட்டு வீட்டுக்கு ஓடவில்லை. எல்லாரும் தராசைச் சுற்றி நின்றார்கள். அந்தோனியம்மா சாக்கை வைத்தாள். ஆறு கிலோ எண்ணூறு. சுதாகரன் வாயைத் திறந்து, மூடிக்கொண்டார்.

"ஐயா, ஒண்ணும் சொல்லலையே?" என்றாள் வெள்ளையம்மா.

"என்னாத்த சொல்ல?"

"எப்பவும் சொல்வீங்களே. சத்தமா."

சுதாகரன் தொண்டையைச் செருமினார். "லைட்டு" என்றார், பக்கத்தில் நின்றவருக்கு மட்டும் கேட்கும்படி.

"அப்புறம்?" என்றது கூட்டம்.

"முழுப்பேரு."

"கேக்கல ஐயா!"

"முழுப்பேரு!" என்று அவர் கத்திய கத்தலில் மடுவத்துத் தகரம் அதிர்ந்தது. கடைசியில் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

அந்தோனியம்மா வெறும் சாக்கை உதறி, வலிக்காத தோளில் போட்டுக்கொண்டாள்.

"திங்கக்கெழமையும் லைட்டாத்தாங்க வரும் ஐயா" என்றாள். "தொண்டைய நல்லாப் பாத்துக்குங்க. இன்னும் ரெண்டே முக்கா மாசம் இருக்கு."