ரொட்டி வைத்த இடம்

"தூக்காதீங்க. கைய எடுங்க. அப்படியே விடுங்க."

"ரொட்டி அது. அப்படியே எப்படி விடறது?"

"வைக்கிறதுக்கு உங்களுக்கு வேற இடமே கிடைக்கலையா?"

"வேற எங்க? தரையில வைக்கவா?"

புருலை குனிந்து பார்த்தாள். தந்தூரிலிருந்து இறக்கிச் சூடு ஆறாத வட்ட ரொட்டி, நடுவில் அச்சுக் குத்திய பூவும் கருஞ்சீரகமுமாக, அவள் காலையில் ரெசின் பிசின் ஊற்றி வைத்த சமையல் மேடைப் பலகையின் மேல் சட்டமாக உட்கார்ந்திருந்தது. பார்வைக்கு ரெசின் கண்ணாடிபோல் இறுகித்தான் தெரிந்தது. தொட்டால்தான் புரியும், இன்னும் தேன் பதம். சூடு பட்டு, ரொட்டியைச் சுற்றி மெல்லிய சுருக்கம் விழத் தொடங்கியிருந்தது.

எப்படி நடந்தது என்று அவள் கேட்க வேண்டியிருக்கவில்லை. குமிழி போக்குவதற்காகத் தூசு மறைப்புப் பிளாஸ்டிக்கை அவள்தான் விலக்கியிருந்தாள். பிறகு பால்கனிக்குப் போய், பலகையைச் செய்யச் சொன்ன ரவ்ஷான் அக்காவுக்குப் போன் செய்து, நன்றாக வந்திருக்கிறது, நாளை வந்து பாருங்கள் என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். அந்த நேரத்தில் அவள் கணவன் குபாத் ரொட்டியோடு உள்ளே வந்திருக்கிறான். கை சுட்டிருக்கும். சட்டைப்பையில் போன் அடித்திருக்கும். அவர்கள் வழக்கத்தில் ரொட்டியைத் தரையில் வைக்கக் கூடாது, ஆள் உட்காரும் முக்காலியிலும் வைக்கக் கூடாது. மேசை உயரத்தில் சுத்தமான இடம் எது என்று தேடிய கை, தொழுவத்துக்குப் போகும் மாடுபோல் தானாகவே அங்கே போயிருக்கிறது.

ஆனாலும் அவளுக்கு மனசு ஆறவில்லை. காலையில் ரசமட்டம் வைத்துப் பலகையைச் சமப்படுத்தும்போது அதன் அடியிலிருந்த முக்காலியைப் பிடித்துக்கொண்டவன் அவன். வான நீலத்தின் மேல் பனி வெள்ளையை முடி உலர்த்தும் ட்ரையர் காற்றால் ஊதியபோது, போதும், நிறுத்து என்று சொன்னவனும் அவன்தான். அவனுக்கா தெரியாது? குளிர்பதனப் பெட்டியின் தலை காலியாகத்தானே இருந்தது?

"போன்ல யாரு?" என்றாள்.

"ஜிர்கல்."

அதைத்தான் அவளும் நினைத்தாள். குபாத்தின் சித்தப்பா மகன் ஜிர்கல் ஞாயிற்றுக்கிழமை காரில் ரஷ்யாவின் யெகாதெரின்பர்க்குக்கு வேலைக்காகப் போகிறான். இவர்களுக்கென்று இரண்டு இடம் வைத்திருக்கிறான். வருகிறார்களா இல்லையா என்று இன்று இருட்டுவதற்குள் சொல்லிவிட வேண்டும், இல்லையென்றால் வேறு ஆளை ஏற்றிக்கொள்வான். அந்த ஊரில் ஒரு உணவகத்தின் நிலவறையில் புருலை தட்டுக் கழுவிய குளிர்காலங்கள் உண்டு. விரல் நுனியெல்லாம் எப்போதும் ஊறி வெளுத்துக் கிடக்கும். பகலா இரவா என்று மேலே ஏறி வந்தால்தான் தெரியும். மறுபடியும் அங்கே போக அவளால் ஆகாது. இந்தப் பலகை ரவ்ஷான் அக்காவுக்குப் பிடித்துவிட்டால் இங்கே பிஷ்கெக்கிலேயே இருந்துவிடலாம் என்று குபாத் ஒப்புக்கொண்டிருந்தான். ரவ்ஷான் அக்கா அழகு நிலையத்தில் முடி வெட்டுகிறவள். பாதி ஊரின் காது அவள் கத்தரிக்கோலுக்குப் பக்கத்தில்தான் இருக்கும். ஒன்று அமைந்தால் பத்து வரும்.

ரவ்ஷான் அக்காவின் சமையலறை ஜன்னலில் முன்பெல்லாம் மலை தெரியும். இப்போது எதிரே பதினாறு மாடி எழும்பிவிட்டது. அந்த மலையை மேடையில போட்டுக் குடு, வெங்காயம் நறுக்கும்போது பாத்துக்கறேன், எப்படியும் கண்ணுல தண்ணி வரத்தானே போகுது என்று சிரித்துக்கொண்டே கேட்டிருந்தாள். புருலை அந்த முகட்டை அப்படியே கொண்டுவந்திருந்தாள். அதற்கு முன் கெட்டுப்போன இரண்டு பலகைகள் குளியலறைச் சுவரில் சாய்ந்து நின்றன. ஒன்று திரிந்த பால்போல். இன்னொன்றில் ஒரு அந்துப்பூச்சி.

"நிலா வந்த மாதிரிதான் இருக்கு" என்றான் குபாத், மெதுவாக.

"கருஞ்சீரகம் போட்ட நிலாவா?"

அவன் சிரிக்கப் பார்த்து, அவள் முகத்தைக் கண்டு நிறுத்திக்கொண்டான்.

தூக்கினால் ரெசின் நூல் நூலாக இழுத்து மலையையும் சேர்த்துக் கிழித்துவிடும். கத்தியால் சீவலாம் என்று அவள் கத்தியை எடுத்தாள். ஆனால் ரொட்டியைக் கையால்தான் பிய்ப்பார்கள்; அதில் கத்தி வைக்க அவளுக்கே கை வரவில்லை. கடைசியில் குபாத் குனிந்து நின்று, அடிப்பாகம் அசையாமல் மேல்பாகத்தை மட்டும் கையால் பிய்க்க ஆரம்பித்தான். பிய்த்ததைக் கீழே வைக்க இடமில்லாமல் வாயில் போட்டுக்கொண்டான். சாப்பிடு என்று அவளுக்கும் நீட்டினான். அவள் வேண்டாம் என்று தலையாட்டினாள். வீடு முழுக்க ரெசின் நெடி. அவன் மென்றுகொண்டே இருந்தான்.

மிச்சம் ஒட்டியிருந்தது அடிப்புறத் தோல் மட்டும். அதைச் சின்ன உளியால் அவள் சுரண்ட, விழுந்த துணுக்கையெல்லாம் அவன் ஒரு காகிதத்தில் பொறுக்கினான். ஒரு பொடிகூட மலையில் தங்கிவிடக் கூடாது. நாளைக்கு ரவ்ஷான் அக்கா ரொட்டித் துணுக்கின் மேல் கறி வெட்டினாள் என்று ஆகிவிடும். இருவர் தலையும் அடிக்கடி இடித்துக்கொண்டன. யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை.

சுரண்டி முடித்தபோது பலகையின் வானத்தில் தட்டு அளவுக்கு ஒரு பள்ளம். மேலே இன்னொரு பூச்சு ஊற்றினால் மறையும். முழுசாக இறுகுவதற்குள் ஊற்றினால்தான் பிடிக்கும். ரெசின் டப்பாவைக் கவிழ்த்துப் பார்த்தாள். அடியில் ஒட்டியதுதான் மிச்சம்.

அப்போதுதான் குளிர்பதனப் பெட்டியை நிமிர்ந்து பார்த்தாள். அதன் தலையில் அவளுடைய கையுறைகள், கலக்கிய கோப்பைகள், நீலம் சொட்டிய குச்சிகள். காலி இல்லை. காலையில் அவளே வைத்தது.

அவனிடம் அதைச் சொல்ல வாயெடுத்தாள். அவன் ஏற்கனவே வாசலில் ஷூவுக்குள் காலை நுழைத்துக்கொண்டிருந்தான். எங்கே என்று கேட்டதற்கு, கீழே போய்க் கொஞ்சம் காத்து வாங்கிட்டு வரேன் என்றான். பாதிப் படி இறங்கியிருப்பான், அவன் பையில் மறுபடியும் போன் அடித்தது. அவன் நின்றான். எடுக்கவும் இல்லை, அணைக்கவும் இல்லை.

புருலை வாசலுக்கு வந்து படிக்கட்டின் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக் குனிந்தாள். விரல்களில் நீலம் காய்ந்திருந்தது.

"இங்க பாருங்க. சந்தையில கடைய இருட்டுறதுக்குள்ள மூடிடுவான். முதல்ல அங்க போயி ரெசின் ஒரு டப்பா வாங்கிட்டு வாங்க. ஜிர்கலுக்கு அப்புறமா பதில் சொல்லுங்களேன்."