மடிப்பு கலையாத துப்பட்டி

கடைக்கு வருகிறவர் வாய் திறந்ததுமே அவர் எந்தப் பக்கத்து ஆள், எவ்வளவு குளிர் தாங்குவார், எவ்வளவு விலை தாங்குவார் என்பது போர்வைக் கடைக்காரருக்குத் தெரிந்துவிடும். பஞ்சு வைத்துத் தைத்ததை ரஜாய் என்று கேட்டால் மேல்தட்டிலிருந்து இறக்குவார். கம்பளி என்றால் பேரம் நீளும், உட்கார ஸ்டூல் போடச் சொல்வார். துப்பட்டி என்றால் சாயம் போகாததாக, துவைக்கத் துவைக்கத் தாங்குவதாகக் காட்ட வேண்டும்.

அவர் மனைவி பிறந்த வீட்டில் துப்பட்டி என்றுதான் சொல்வார்கள். கல்யாணமான புதிதில் கடையில் நின்று ஒருமுறை சொல்லிவிட்டாள். அவர் அடித்த நக்கலில் வந்தவர்களெல்லாம் சிரித்தார்கள். அன்றோடு போர்வை என்று மாற்றிக்கொண்டாள். அந்த வீட்டுச் சட்டத்தையும் சேர்த்தே கற்றுக்கொண்டாள்: நல்ல சரக்கு விற்பனைக்கு; ஓரம் பிரிந்ததும் சாயம் ஓடியதும் வீட்டுக்கு.

இப்போது பக்கவாதம். ஒரு பக்கம் விழுந்து, நினைவும் குழம்பிக் கிடக்கிறாள். "குளிராம பாத்துக்குங்க. அதுக்கு மேல ஒண்ணுமில்ல" என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். பல் கிடுகிடுக்க நடுங்குகிறவளுக்காகக் கடையிலேயே உசத்தியானதை எடுத்து வந்து உறையைப் பிரிக்கப் போனார். நல்ல கை அவர் மணிக்கட்டைப் பிடித்தது.

"பிரிக்காதீங்க. மடிப்பு கலைஞ்சா எவன் வாங்குவான்?"

"விக்கறதுக்கு இல்ல. உனக்குத்தான்."

"சரக்குல கை வைக்காதீங்க. ஓரம் பிரிஞ்சது இருந்தா குடுங்க."

ஓரம் பிரிந்ததெல்லாம் ஏற்கெனவே அவள்மேல்தான் கிடந்தது. உறையோடு தூக்கிப் போர்த்தப் பார்த்தார், நல்ல காலால் தள்ளிவிட்டாள்.

வேர்த்து வழிகிறவன் தலையிலேயே கம்பளியைக் கட்டியவர் அவர். கட்டிலருகே நின்று கடைக்குரலை எடுத்தார்.

"வாங்கம்மா. என்ன பாக்குறீங்க?"

அவள் கண் மெல்லத் திரும்பியது. "துப்பட்டி இருக்காண்ணே?"

இந்தத் தடவை சிரிக்க ஆளில்லை. "இருக்கும்மா. இதுதான் துப்பட்டி. தொட்டுப் பாருங்க."

தொட்டாள். விரலால் தடவிக்கொண்டே, "என்ன விலை?" என்றாள்.

"நீங்க சொல்றதுதாம்மா விலை."

வாயிலிருந்து விழுந்த பிறகுதான் உறைத்தது. எந்த வியாபாரியும் சொல்லக்கூடாததைச் சொல்லிவிட்டார். அவள் பாதி வாயால் சிரித்தாள். அவளும் அந்தக் கடையில் காலமெல்லாம் நின்றவள்தானே.

"கேட்ட விலைக்குக் குடுக்குறீங்கன்னா சரக்குல ஏதோ இருக்கு. அடுத்த கடையில பாத்துட்டு வரேண்ணே."

சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அதற்குமேல் எவ்வளவு கூப்பிட்டும் திரும்பவில்லை. மதிய வெயில் கால்மாட்டில் கிடந்த போர்வையின்மேல் பளபளத்தது. கட்டில் நடுங்க நடுங்க, அதன் கண்ணாடித்தாள் உறை சரசரத்துக்கொண்டே இருந்தது.