நட்சத்திரக் குறிக்கு மேலே ஒரு வரி

1

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்கு நடுவட்டத்துக் கடையில் வாங்கிய தேயிலைப் பாக்கெட்டின் முதுகில் கிடைத்தது. ‘இலை பறித்தவர்: பேச்சியம்மா. அவரைச் சந்தியுங்கள்’ என்று ஒரு க்யூஆர் கட்டம். போனைக் காட்டினேன். ஏதோ ரிசார்ட்டின் ரூம் புக்கிங் பக்கம் வந்து நின்றது.

2

பனி விலகிக்கொண்டிருந்த காலையில் ரேணுகா... (வேண்டாம். நீலகிரிக் கதை என்றால் பனியில்தான் தொடங்க வேண்டுமா?)

ரேணுகா எஸ்டேட் ஆபீசில் கம்ப்யூட்டர் பார்ப்பவள். ரிசார்ட்காரர்கள் எஸ்டேட்டை வாங்கியதும், பழைய வெப்சைட்டுக்கு வருகிறவர்களைப் புதியதற்குத் திருப்பிவிடும் வேலை அவள் தலையில் விழுந்தது. இடப்பக்கம் பழைய முகவரி, வலப்பக்கம் புதியது, பக்கத்துக்கு ஒரு வரி. இருநூற்றுப் பன்னிரண்டு பக்கங்கள். வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும் என்றார்கள். அவள் ஒரே வரியில் முடித்தாள். பழைய முகவரியின் வாலில் ஒரு நட்சத்திரக் குறி. அந்த இடத்தில் எது வந்தாலும் ரூம் புக்கிங்குக்குப் போ என்று அர்த்தம். வேலை மிச்சம் என்று சந்தோஷப்பட்டாள், பாவி.

ஒரு மாதம் புகாரே இல்லை. எப்படி வரும்? பக்கத்தைக் காணோம் என்று வெப்சைட் சொன்னால்தானே ஆள் கேட்பான்! நட்சத்திரம் எல்லாரையும் வாங்க வாங்க என்றது. பழையது யாருக்கும் வேண்டாம்போல என்று சர்வரையே அழித்தார்கள். அழிக்கலாம் என்று எழுதிக் கொடுத்ததும் ரேணுகாதான்.

3

அப்புறம் வீரையா வந்தார். பேச்சியம்மாவின் புருஷன். (முதல் வரைவில் இவரை அழவைத்திருந்தேன். அதை அடித்துவிட்டேன். அழுகிற ஆள் இல்லை.)

அவள் செத்து இரண்டு வருடம். ஞாயிறுதோறும் காலிப் பாக்கெட்டில் போனைக் காட்டி அவள் குரலைக் கேட்பார். பழைய வெப்சைட்டில் அவள் பக்கத்தில் இருந்த பதினெட்டு விநாடி வீடியோ. ‘படம் எடுத்தது போதும் தம்பி, எடை போட நேரமாச்சு’ என்று சிரிப்பாள், அவ்வளவுதான். வேறு பதிவு கிடையாது. பாக்கெட் கசங்கியதால் வந்த கோளாறோ என்று புதிதாக நாலு வாங்கியும் பார்த்திருக்கிறார்.

“ரூம் ரூமா தொட்டுப் பாத்துட்டேன் பாப்பா. அவ எந்த ரூம்லயும் இல்ல.”

ரேணுகா தன் ஒற்றை வரியைத் திறந்து பார்த்தாள். நட்சத்திரத்துக்கு மேலே தனி வரி எழுதினால் கம்ப்யூட்டர் அதைத்தான் முதலில் பார்க்கும். அது அவளுக்குத் தெரியும். ஆனால் திருப்பிவிட இடம்? அந்தப் பக்கம்தான் சர்வரோடு போய்விட்டதே.

“ஞாயித்துக்கெழமைக்குள்ள பாக்கறேனுங்க” என்றாள்.

4

முடிவு ஒன்று: படம் எடுத்தவரிடம் ஒரு பிரதி இருக்கிறது. (ரேணுகா போன் போட்டுவிட்டாள். இல்லையாம்.)

முடிவு இரண்டு: வேறொரு பெண்ணை அதே மாதிரிப் பேசவைத்து... (சீ.)

முடிவு மூன்று: உண்மையைச் சொல்கிறாள், அவர் பரவாயில்லை என்கிறார். (சொல்வார் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் எழுத முடியவில்லை.)

5

இன்று சனிக்கிழமை. நட்சத்திரத்துக்கு மேலே ரேணுகா ஒரு வரி தொடங்கியிருக்கிறாள். வலப்பக்கம் காலி. காலியாக இருந்தால் கம்ப்யூட்டர் ஏற்காது. என்னிடமும் அங்கே போட ஒன்றும் இல்லை.

நாளைக் காலை வீரையா போனைக் காட்டுவார். அதற்குள் நீங்களாவது நிரப்புங்கள்.

/பறித்தவர்/பேச்சியம்மா →