தட்டிப் பார்த்து எடுத்த தகடு

சுனாமிக்குப் பிறகு எங்கள் நிறுவனம் மட்டக்களப்பில் கொடுக்காத சாமான் கிடையாது. வள்ளம் கொடுத்தோம், தையல் மெசின் கொடுத்தோம், வேர்த்துக் கொட்டும் ஊருக்குக் கம்பளிச் சட்டையும் கொடுத்தோம். 2006 கடைசியில் வாகரைப் பக்கம் சண்டை முற்றியபோது கொழும்பு எங்களுக்கே சட்டை அனுப்பியது. குண்டு துளைக்காத சட்டை இரண்டு, அவற்றின் பைகளுக்குள் முன்னும் பின்னும் செருகத் தகடு இரண்டு சோடி. வேலை செய்கிறவர்கள் பதினான்கு பேர். மற்றப் பன்னிரண்டு பேரையும் குண்டே பார்த்து விலகிப் போகும் என்று நினைத்தார்கள் போலும்.

மறுநாள் வாகரைக்கு ஒரு லொறி அரிசி கொண்டுபோக அனுமதி கிடைத்திருந்தது. ஓட்டுவது சீனித்தம்பி, பங்கிட்டுக் கொடுப்பது நான். சீனித்தம்பி கலியாணம் முடித்து, எங்கள் பக்கத்து வழக்கப்படி, பெண்சாதி வீட்டோடு போய் இருந்தவர். அந்த வீடு வாகரையில். கிழமை நாட்களில் டவுனில் லொறி ஓட்டிவிட்டுச் சனிக்கிழமை வீடு போவார். ஆவணியில் பாதை மூடியபோது அவர் இந்தப் பக்கம் அகப்பட்டார். பெண்சாதி கண்ணகையும் ஆறு வயது மகள் தக்ஷாயினியும் அந்தப் பக்கம். மூன்று மாதமாக ஒரு சேதியும் இல்லை. இந்த லொறியை விட்டால் அவருக்கு வேறு வழி கிடையாது.

சட்டை பொருந்தாதவர் லொறியில் ஏறக்கூடாது என்பது சட்டம். பொருத்தம் பார்க்க, எங்கள் பாதுகாப்புக்குப் பொறுப்பான டென்மார்க்காரர் ஹென்ரிக் வந்தார். என் பெயர் மங்கையற்கரசி. அவர் ‘மாங்கோ’ என்பதோடு நிறுத்திக்கொள்வார். ஒரு சோடி தகடு இரும்பு, பெரியது. மற்றது பீங்கான் போல ஏதோ சுட்டுச் செய்தது, சிறியது, துணி சுற்றியது. விருப்பமானதை எடுக்கச் சொன்னார். அது அவர் செய்த பிழை.

சீனித்தம்பி குந்தியிருந்து, செங்கலடிச் சந்தையில் மண்சட்டி வாங்குகிற மாதிரியே, ஒவ்வொன்றாக இடது கையில் தூக்கி வலது கை விரல் மொளியால் தட்டினார். இரும்பு கணீர் என்றது. பீங்கான் டொக் என்றது. அதன் சோடியும் டொக்.

“ரெண்டும் கீறல் விட்டுக் கிடக்கு மிஸ். அடுப்பில வைச்சாப் பிளந்திரும்.”

“சோறாக்கவா போறீங்க? துணி சுத்தினதால சத்தம் அடங்குது.”

“என்னத்துக்குத் துணி சுத்தி அனுப்பியிருக்கான்? கீறலை மறைக்கத்தான்.”

பீங்கான்தான் திறம், பெரிய துவக்குக் குண்டையும் தாங்கும் என்று ஹென்ரிக் சொன்னதை மொழிபெயர்த்தேன். விற்கிறவன் அப்படித்தான் சொல்லுவான் என்றார் சீனித்தம்பி. அதை நான் மொழிபெயர்க்கவில்லை.

இரும்பை மாட்டிப் பார்த்தோம். தகட்டின் மேல் விளிம்பு தொண்டைக்குழிக்குக் கீழே நிற்க வேண்டும், கீழ் விளிம்பு தொப்புளுக்கு மேலே. சீனித்தம்பிக்கு அது இடுப்பைத் தாண்டியது. லொறியில் ஏறி இருந்ததும் கீழ் விளிம்பு தொடையில் ஊன்றி, மேல் விளிம்பு நாடியில் இடித்தது. ஆமை போலக் கழுத்தை நீட்டிக்கொண்டு ஸ்டியரிங்கைத் திருப்பப் பார்த்தார். அரைவாசிக்கு மேல் திரும்பவில்லை. ஹென்ரிக் தலையை ஆட்டி, வேறு டிரைவரைப் பார்க்கச் சொன்னார்.

சீனித்தம்பி இறங்கி, இரும்பைக் கழற்றி வைத்து, பீங்கானைத் தானே எடுத்துப் பைக்குள் செருகினார்.

“உடைஞ்ச சட்டியெண்டாலும் பரவாயில்ல. கட்டுங்க.”

அளவெடுத்துத் தைத்தது போலப் பொருந்தியது. நான் விழுந்து விழுந்து சிரித்தேன். கீறல் விட்டது என்று நம்பிக்கொண்டே ஒரு மனிதர் அதை நெஞ்சில் கட்டுகிறார் என்பது அப்போது என் மண்டையில் ஏறவில்லை. இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. அவரைவிட உயரமான எனக்கு இரும்பு சரியாக நின்றது. எட்டுக் கிலோவைச் சுமந்துகொண்டு, கொழும்பில் இருந்தவர்களின் பரம்பரையையே திட்டியபடி விடிந்ததும் லொறியில் ஏறினேன்.

வாகரைப் பள்ளிக்கூட வளவு முழுக்க அகதிகளின் தறப்பாள் கொட்டில்கள். கண்ணகை மகளின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். மூன்று மாதம் கழித்துக் கண்ட பெண்சாதியிடம் சீனித்தம்பி, “சாப்பிட்டியா?” என்று கேட்டார். அவள் பதில் சொல்ல முதல் தெற்கே ஷெல் விழுந்தது. சட்டை இல்லாத சனம் முழுவதும் ஒரு நொடியில் குப்புறக் கிடந்தது. சட்டை போட்ட நாங்கள் இருவரும் முழிசிக்கொண்டு நின்றோம்.

அரிசி இறக்கி முடிந்ததும் அவர் என்னிடம் வந்தார்.

“மிஸ், ஒண்டு கேக்கட்டா?”

“ஆள் ஏத்தக் கூடாது அண்ணன். மாங்கேணியில ஆமிக்காரங்க மறிச்சு இறக்கிருவாங்க.”

“அது தெரியும். உங்கட சட்டையத் தாங்க.”

எனக்குக் கோபம் வந்தது. “உங்கடயக் குடுங்களன்.”

“என்ர கீறல் விட்டது. புள்ளைக்கு அத எப்பிடிக் குடுக்கிற?”

திறமானது அவருடையதுதான் என்று எனக்குத் தெரியும். வாதாடவில்லை. வாதாடினால் என்னுடையது எனக்கு மிஞ்சும். அதற்காகத்தான் வாதாடுகிறேன் என்பது அவருக்கும் விளங்கும், எனக்கும் விளங்கும். திரும்பிப் போகிற பாதையை ஒருக்கால் பார்த்தேன். கழற்றிக் கொடுத்தேன்.

பிள்ளைக்கு அது கழுத்திலிருந்து முழங்கால் வரை மூடியது. கண்ணகை பட்டிகளை இழுத்து இறுக்கினாள்.

“பாரமாக் கிடக்கு அப்பா.”

“பாரம்தான் மனே. பங்கர் குழிக்குள்ள படுக்கக்க மேல போர்த்திக்கொண்டு படு.”

அதற்குள் சுற்றிவரப் பிள்ளைகள் கூடிவிட்டார்கள். யாரும் சொல்லாமலே, அரிசிக்கு நின்ற பழக்கத்தில், வரிசையாக நின்றார்கள். முன்னால் நின்ற சிறுமியின் இடுப்பில் ஒரு கைக்குழந்தை.

“தம்பிக்குச் சின்னதா ஒண்டு இருக்கா அக்கா?”

“அடுத்த லொறியில வரும்” என்றேன்.

சிறுமி தலையாட்டினாள். மற்றவர்களிடம் திரும்பி, அடுத்த லொறியில் வருமாம் என்று சொன்னாள். வரிசை கலைந்தது.

அந்தப் பாதையால் அதற்குப் பிறகு எங்கள் லொறி போகவில்லை.