சரக்குக் கதவு

"நிக்க வெச்சுத்தான் எறக்கணும், வேற வழியில்ல" என்று அடக்க வண்டிக்காரர் சொன்னதும், சின்னவள் மாடிப்படியின் குறுக்கே இரண்டு கைகளையும் விரித்து நின்றுகொண்டாள்.

"எங்கம்மா என்ன பீரோவா?"

வண்டிக்காரர் அண்ணனைப் பார்த்தார். அண்ணன் தரையைப் பார்த்தான். காலையில் காலிச் சவப்பெட்டியை நிற்கவைத்துத்தான் மேலே கொண்டுவந்தார்கள். அப்போது யாருக்கும் எதுவும் தோன்றவில்லை. இப்போது அதற்குள் அம்மா இருந்தாள்.

படகுத்துறையை ஒட்டிய அந்த ஒன்பது வீடுகளையும் கட்டியவனுக்கு ஆட்களைப் பற்றிக் கவலையே இல்லை, சரக்கைப் பற்றித்தான். தெருப்பக்கம், ஓர் ஆள் ஒருக்களித்து ஏறும் சுற்றுப்படி. தண்ணீர்ப்பக்கம், மாடியில், அகலமான இரட்டைக் கதவு. அதற்கு மேலே சுவரைவிட்டு வெளியே நீண்டிருக்கும் தடித்த உத்தரம், அதன் நுனியில் கப்பி. படகில் வந்த மூட்டைகளும் பீப்பாய்களும் அந்த வழியாகத்தான் ஏறி இறங்கின. மற்ற எட்டு வீட்டுக்காரர்களும் உத்தரத்தை அறுத்துவிட்டுக் கண்ணாடி ஜன்னல் வைத்துக்கொண்டார்கள். அம்மா மசியவில்லை. முப்பது வருடம் அந்தக் கப்பிக் கயிற்றைப் பிடித்துச் சரக்கு இறக்கிப் பிழைத்தவள். உத்தரம் ஆபத்தானது, அகற்றவும் என்று நகராட்சி அனுப்பிய கடிதத்தை நாலாக மடித்து, ஆடுகிற மேஜைக் காலுக்கு முட்டுக் கொடுத்துவிட்டாள்.

"அம்மா சரக்குக் கதவு வழியா போகட்டும்" என்றாள் சின்னவள்.

அண்ணனுக்கு முகம் வெளுத்தது. "அது தொறக்காது."

"ஏன் தொறக்காது?"

"போன மாசம் ஆள் வெச்சுப் பெயின்ட் அடிச்சேன்ல. வீடு பளிச்சுன்னு இருக்கட்டுமேன்னு..."

பளிச்சென்றுதான் இருந்தது. கதவு, கீல், இடுக்கு எல்லாம் சேர்த்து மூன்று பூச்சு நீலம். கப்பியைக்கூட விட்டுவைக்கவில்லை, சக்கரமும் அச்சும் ஒன்றாக ஒட்டிப்போயிருந்தன. கட்டிலில் கிடந்த அம்மா அன்று ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: "கப்பிக்கு எண்ணெய் போட்டியாடா?"

"போட்டேன்னு சொன்னியே!"

அண்ணன் மண்ணெண்ணெய் டப்பாவைத் தேடி எடுத்துக்கொண்டான்.

படகுப் பட்டறையில் வேலை பார்க்கும் சின்னவளுக்குக் கதவு ஒரு பொருட்டில்லை. மெல்லிய கத்தியை இடுக்கில் விட்டுக் கீறி, தோளால் ஒரு மோது மோதினாள். வெளிச்சம் மடமடவென்று உள்ளே வந்தது. உத்தரம்தான் சோதனை. உயரம் என்றாலே உள்ளங்கால் கூசுகிற அண்ணன், இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு, குதிரை ஏறுவதுபோல் அதன்மேல் நகர்ந்து நகர்ந்து போனான். கண்ணை மூடிக்கொண்டே சுரண்டினான், தட்டினான், வாய்க்கு வந்தபடி திட்டினான். ஒரு மணி நேரம் கழித்துக் கப்பி கிரீச்சென்று ஒரு சுற்று சுற்றியது. துறையில் வலை உலர்த்திக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். ஒருவர் கைதட்டினார், பிறகு சாவு வீடு என்பது நினைவுக்கு வந்து நிறுத்திக்கொண்டார்.

கீழே ஐஸ்கடைக்காரர் கடையைப் பாதியில் விட்டுவிட்டு வந்து நின்றார். அம்மா இறக்கிய சரக்கைக் கீழே நின்று வாங்கியவர் அவர்தான்.

"டம்ளர் எங்க?" என்று மேலே பார்த்துக் கத்தினார்.

காலையில் இறக்கும் முதல் சரக்கின்மேல் அம்மா விளிம்பு தட்ட ஒரு டம்ளர் தண்ணீர் வைப்பாள். ஒரு சொட்டுச் சிந்தினாலும் மறுபடி மேலே இழுத்து, மறுபடி இறக்குவாள். சிந்தாமல் வந்தால் கீழே இருப்பவர் அதைக் குடிக்க வேண்டும், அப்புறம்தான் அன்றைய வேலை. பத்து வயதிலிருந்து சின்னவளும் முயன்றிருக்கிறாள். ஒருநாளும் சிந்தாமல் இறக்கியதில்லை.

"வேண்டாம் மாமா, அம்மா மேல கொட்டிருவேன்."

"உங்கம்மா இதில்லாம எறங்க மாட்டா. வை!"

வைத்தாள். அம்மா கடைசியாகக் குடித்த அதே டம்ளர். வண்டிக்காரரின் ஆட்கள் பெட்டியின் நான்கு முனைகளிலும் கயிறு பிணைத்து, கப்பிக் கயிற்றில் மாட்டி, அங்குலம் அங்குலமாக வெளியே தள்ளினார்கள். அண்ணன் படி இறங்கிக் கீழே ஓடினான். சின்னவள் அறைத் தூணில் கயிற்றை இரண்டு சுற்றுச் சுற்றி, காலை ஊன்றிப் பின்னால் சாய்ந்தாள். பெட்டி வாசலைத் தாண்டியதும் மொத்தப் பாரமும் அவள் கைக்கு வந்தது. அங்கிருந்து அவளுக்கு எதுவும் தெரியாது. ஐஸ்காரரின் குரல் மட்டும்தான்.

"விடு... விடு... நிறுத்து. காத்து அடிக்குது, பொறு."

பொறுத்தாள். உள்ளங்கை எரிந்தது. இழுத்துப் பிடிக்காதே, கயிறு கேட்கிறதைக் கொடு என்று அம்மா ஆயிரம் தடவை கத்தியது இப்போதுதான் கைக்குப் புரிந்தது. கொடுத்தாள். கப்பி ஒரே சீராகச் சுற்றியது.

"விடு... விடு... இன்னும் ஒரு சாண்..."

கயிறு தளர்ந்தது. கீழே ஒரு சத்தமும் இல்லை.

அவள் கதவுக்கு ஓடினாள். கரைக்கல்லின்மேல் பெட்டி நேராக உட்கார்ந்திருந்தது. ஐஸ்காரர் தொப்பியைக் கழற்றி அக்குளில் இடுக்கிக்கொண்டு, இரண்டு கைகளாலும் டம்ளரை எடுத்து, ஒரே மூச்சில் குடித்தார்.

அண்ணன் பெட்டியின் மூடியைத் தலைமாட்டிலிருந்து கால்மாடுவரை தடவிப் பார்த்தான். பிறகு நீலம் அப்பியிருந்த அந்த உள்ளங்கையை அவளுக்குத் தெரியும்படி உயரத் தூக்கிக் காட்டினான். ஈரமே இல்லை.