கேட்காமல் வந்த புதுசு

தம்பி செய்து வைத்த நல்ல காரியம் அக்காவுக்கு மறுநாள் காலையில்தான் தெரிந்தது. கம்ப்யூட்டரைப் போட்டாள். திரையில் இருப்பதையெல்லாம் மடமடவென்று ஒப்பிக்கும் குரல் வாயே திறக்கவில்லை. பிறவியிலேயே பார்வை இல்லாதவள் அவள். டாக்டர்கள் பேசிப் பதிவு செய்வதைக் கேட்டு ஆஸ்பத்திரிக்கு டைப் செய்து கொடுப்பது அவள் பிழைப்பு. அந்தக் குரல் இல்லாவிட்டால் கம்ப்யூட்டர் அவளுக்கு வெறும் சூடான பெட்டி.

தம்பிக்குப் போன் போட்டாள்.

"நேத்து வந்தப்ப புது சிஸ்டம் போடவான்னு கேட்டுச்சுக்கா. சரின்னு அமுக்கிட்டேன். உன் நல்லதுக்குத்தான்."

"உன்னையா கேட்டுச்சு? கம்ப்யூட்டர் யாரோடது?"

பட்டென்று போனை வைத்தாள்.

அடுத்து, குரல் மென்பொருள் விற்ற கம்பெனிக்குப் போட்டாள். பழைய குரல் புது சிஸ்டத்தில் ஓடாதாம், வேறு வாங்க வேண்டுமாம். "புதுசு வாங்கறதுக்குத் திரையில மேல வலது பக்கம் ஒரு சிவப்புப் படம் இருக்கும், பாருங்க மேடம்."

"பார்வை இல்லாதவங்களுக்குத்தானேம்மா இதை விக்கிறீங்க?"

பதிலுக்குப் பாட்டுப் போட்டு விட்டார்கள். அவளுக்கு உச்சந்தலை வரை ஏறியது. மறுபடி தம்பியைக் கூப்பிட்டாள். "பழைய சிஸ்டத்தையே போடப் போறேன். கண்ணை எடுத்துக்கிட்டு வா. மூளையை வீட்டிலேயே வச்சுட்டு வா."

வந்தான். மேசை இழுப்பறையில் பழைய டிஸ்கைத் தடவி எடுத்து, அதில் பாதுகாப்புக்குச் சுற்றியிருந்த துணியை அவிழ்த்துக் கம்ப்யூட்டரில் செருகினாள்.

"பழசுல வைரஸ் பூந்துரும்க்கா."

"டாக்டருங்க பேச்சை ஆஸ்பத்திரில பென்டிரைவ்லதான் தர்றாங்க. இன்டர்நெட் வயரையே பிடுங்கிடப் போறேன். நீ படி."

"ஏதோ நிபந்தனையாம். வழக்கமானதுதான். அடுத்து அமுக்கவா?"

"படிக்கச் சொன்னா படி. முடிவு எடுக்கற வேலை எனக்கு."

முணுமுணுத்துக்கொண்டே வரி வரியாகப் படித்தான். அவள் சரி என்றால்தான் அடுத்தது. கொஞ்ச நேரத்தில் அவனுக்குப் பொறுமை போய்விட்டது.

"எங்க போடணும்னு கேக்குதுக்கா. ரெண்டு டிரைவ் இருக்கு. பெரிசுல நிறைய இடம், அதையே அமுக்கிடறேன். சுத்தமா அழிச்சுட்டு..."

"கையை எடு!"

அவன் மவுஸை விட்ட சத்தம் கேட்டது.

"அந்தப் பெரிசுலதான்டா என் வேலை பூரா இருக்கு. எத்தனை பேரோட ரிப்போர்ட்! நேத்து கேக்காம ஒண்ணை அமுக்கினே. இன்னைக்கு கேக்காம இன்னொண்ணா? குருடிக்கு நாம பாத்து செஞ்சா போதும்னு உங்க எல்லாருக்கும் நெனப்பு!"

அந்தச் சொல்லை அவன் முன்னால் அவள் சொன்னதே இல்லை. தம்பி மறுபடி திரைப் பக்கம் குனிந்தான். அப்புறம், சிறியது எது, பெரியது எது என்று நிறுத்தி நிறுத்திப் படித்துக் காட்டினான். சிறியதைக் கீபோர்டில் அவளே அமுக்கினாள்.

எல்லாம் முடிந்து குரல் மென்பொருளையும் ஏற்றியபோது மதியம் தாண்டிவிட்டது. தகரத்தில் ஆணி தேய்த்த மாதிரி அந்தக் குரல் படபடவென்று பேச ஆரம்பித்தது.

"என்னக்கா இது, ஒரு எழவும் புரியலையே!"

"உனக்கு எதுக்குடா புரியணும்?"

அவளுக்குக் கோபம் இன்னும் அடங்கவில்லை. தம்பி போகட்டுமா என்று கேட்டான். காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு அவள் கையை மட்டும் அசைத்தாள். யாரோ ஒருவரின் முழங்கால் எலும்பைப் பற்றிப் பதிவில் டாக்டர் ஏற்கெனவே பேசத் தொடங்கியிருந்தார்.