ராகு காலம் தாண்டிய ராக்கெட்

"அப்பா, ராக்கெட்டுக்கு ராகு காலம் உண்டா?"

பிரதிபா ஒன்றாம் வகுப்பில் கேட்டது. மைசூரு ரயில்வே ஆபீஸில் தலைமை எழுத்தர், அவள் அப்பா கணபதிராமன். இரண்டு வருஷம் கழித்து, 1994 தசரா விடுமுறையில், குடும்பத்தார் பதினோரு பேரை வேனில் ஏற்றிப் போய், அதற்குப் பதிலைச் செயலிலேயே காட்டினார்.

ராக்கெட்டை நேரில் காட்டுவதாக மகளுக்கு வாக்குக் கொடுத்திருந்தார். சனிக்கிழமை காலை எட்டரைக்கே வேன், ராக்கெட் தளத்துக்குப் பக்கத்து ஊரான சூளூர்ப்பேட்டையில். வேடிக்கை பார்க்கிற ஏரிக்கரை அரை மைல்தான். ராக்கெட் கிளம்புவதோ பத்தரைக்கு மேல். இட்லி தின்று கை கழுவியபோது ஒன்பது அடித்தது. ராகு காலம் பிறந்தது. வேனைவிட்டு யாரும் இறங்கக் கூடாதென்று உத்தரவாயிற்று.

"பத்தரைக்குப் போனா கூட்டத்துல ஒண்ணும் தெரியாதுங்க சாமி," என்றான் கொள்ளேகால்கார டிரைவர் ஜடையன்.

"நீ சும்னே இருப்பா. விஞ்ஞானிகளே ராகு காலம் போகட்டும்னுதான் காத்துண்டிருக்கா."

"ஏன்னா, அவா விடப்போறா. நாம பாக்கத்தானே போறோம்?" என்றாள் மனைவி திரிபுரசுந்தரி.

"பாக்கறதும் சுபகாரியம்தான்டி."

ஒன்றரை மணி நேரம் அத்தனை பேரும் வேனுக்குள் வெந்தார்கள். தங்களைத் தாண்டிப் போனவர்களை பிரதிபா ஜன்னல் வழியே எண்ணினாள். முந்நூற்றுப் பன்னிரண்டில் அழ ஆரம்பித்தாள். தேசத்தின் விண்வெளித் திட்டமே தம் கைக்கடிகாரத்தில் ஓடுகிற தோரணையில் கணபதிராமன் உட்கார்ந்திருந்தார்.

பத்தரைக்குப் புறப்பட்டுப் போனதில் கரையில் முதுகுகள் நன்றாகத் தெரிந்தன. மகளைத் தூக்கப் பார்த்தார். ஹெர்னியா ஆபரேஷன் செய்த வயிறு சம்மதிக்கவில்லை.

"எனக்குத் தெரியலப்பா!"

அந்தக் குரலைக் கேட்டபோது, பஞ்சாங்கத்தின் மேல் முதல்முறையாக அவருக்குக் கோபம் வந்தது.

பக்கத்தில் மீன்கூடையோடு ஒரு தெலுங்குக்காரி. சற்றுமுன்தான் அவளுக்குத் தெரியும்படியாகவே மூக்கைப் பொத்திக்கொண்டிருந்தார். அவள் கூடையை இறக்கி வைத்து, "ரா தல்லி" என்று பிரதிபாவை அள்ளித் தோளில் ஏற்றிக்கொண்டாள். பகவான் யாரை யார் தோளில் ஏற்றுவான் என்று எந்தப் பஞ்சாங்கத்திலும் போட்டிருக்கவில்லை. விழுந்துவிடுவோமென்ற பயத்தில் குழந்தை அவள் கண்ணிரண்டையும் பொத்திப் பிடித்துக்கொண்டது. அவள் விலக்கவில்லை.

"போறதுப்பா! நெருப்பு! எவ்ளோ நெருப்பு!"

கூட்டம் முன்னால் சாய்ந்தது. யார் காலோ பட்டுக் கூடை கவிழ்ந்து மீன்கள் புழுதியில் சிதறின. அப்போதுதான் ஓசை வந்து சேர்ந்தது. தரையும் நெஞ்சுக்கூடும் சேர்ந்து அதிர்ந்தன. கரையிலிருந்த முகமெல்லாம் வானத்தைப் பார்த்து நிமிர்ந்தது.

கணபதிராமன் குனிந்தார். பிறந்தது முதல் மீனைத் தொட்டறியாதவர், மண்டியிட்டு ஒவ்வொன்றாகப் பொறுக்கினார். குடிக்கவென்று மைசூரிலிருந்து மடியாகச் சுமந்து வந்த கூஜாத் தண்ணீரை ஊற்றி மண் போகக் கழுவினார். தலைக்கு மேலே கைதட்டல், விசில், மகளின் சிரிப்பு. அவர் நிமிரவில்லை. கடைசி மீனையும் கூடையில் வைத்து, ஈரச் சாக்கை இழுத்து மூடினார்.